சவரக்கத்தியும் திருவிருந்துக் கிளாஸ்களும்

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். பாலைக் காய்ச்சினேன். இரவு மழையில் மாடியில் தேங்கியிருந்த தண்ணீரைத் தள்ளிவிட்டேன். பிறகு வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். ஜன்னல் கொக்கியில் மாட்டிய தோல்வாரில் சவரக்கத்தியைத் தீட்டி, பிரஷ்ஷால் நுரை பூசி, காதோரத்திலிருந்து ஆரம்பித்தேன். கன்னம், தாடை, கழுத்து, கடைசியில் மேலுதடு. நான் மீசை வைப்பதில்லை. முழு முகமும் ஒரு கீறல்கூட இல்லாமல் முடிந்தது அன்றுதான் முதல் தடவை. ஆராதனை முடிந்ததும் இந்த முகத்தைப் போதகரிடம் காட்ட வேண்டும் என்று எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தேன்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. திராட்சை ரசத்தைச் சின்னக் கண்ணாடிக் கிளாஸ்களில் ஊற்றித் தட்டில் அடுக்கி, முழங்காலில் நிற்பவர்களுக்கு முன்னால் நீட்டிக்கொண்டே போவது பல வருடங்களாக என் வேலை. பந்தியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பக்கவாட்டில் நகர்வேன். ஒரு கிளாஸும் தளும்பாது. எனக்கு வாழ்க்கையில் வேறு பெருமை எதுவும் இருந்ததில்லை.

ஜூன் மாதம் பாவா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். பாவா என்றால் என் அக்காவின் கணவர். ஸ்டேஷன் பக்கம் கூரை ஷீட் கடை வைத்திருக்கிறார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காத. தட்டு புடிக்கும்போது உன் கை ஆடுது. ரெண்டு மூணு பேரு சொல்லிட்டாங்க."

"யாரு பாவா?"

"யாரா இருந்தா இன்னா? புனிதமான வேல. என்னிக்காவது சிந்திடுச்சின்னா?"

சிந்திவிடும் என்ற சொல் போதுமானதாக இருந்தது. நானே விலகினேன். அடுத்த மாதத்திலிருந்து பாவா தட்டைப் பிடித்தார். பந்தி முடிந்ததும் கிளாஸ்களை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கழுவித் துடைத்து வைக்கும் வேலை மட்டும் என்னிடம் மிஞ்சியது.

அதற்குப் பிறகு என் கையைக் கவனிப்பதே எனக்கு முழுநேர வேலையாகிவிட்டது. காபி டம்ளரைத் தூக்கும்போது பார்ப்பேன். வேலைக்குப் போகும்போது அரக்கோணம் ரயிலில் கம்பியைப் பிடித்தபடி பார்ப்பேன். பார்க்கப் பார்க்க அது ஆடியது. டாக்டர் கைகளை நீட்டச் சொல்லி, மேலே ஒரு தாளை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அதை நான் போய் யாரிடம் சொல்வது? கண்ணால் பார்க்கும்படி ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அப்படித்தான் சவரக்கத்தி வாங்கினேன். சலூனில் பாதி பிளேடு செருகி வைத்திருக்கும் கத்தி இல்லை. மடக்கினால் பிடிக்குள் போகும் முழு எஃகுக் கத்தி. கை ஆடுகிறவன் அதைத் தன் கழுத்தில் வைக்க முடியாது.

"நல்லா இருக்குற ரேசர வுட்டுட்டு இன்னாத்துக்குங்க இது?" என்றாள் மனைவி. "கழுத்த அறுத்துக்கினா நான் யாருக்கு பதில் சொல்றது?"

"கை ஆடலன்னு காட்டணும்."

"ஆடுற கைன்னா அத்தினி கண்ணாடி கிளாஸயும் கழுவ உங்ககிட்டயா குடுத்தனுப்புவாங்க? கொஞ்சம் யோசிங்க."

நான் யோசிக்கவில்லை. கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அதிலும் முதல் நாளே தவறு. தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னால் போக வேண்டும், கூர் பின்னால் வர வேண்டும். நான் கூரை முன்னால் தள்ளித் தோல்வாரையே கிழித்தேன்.

ஆரம்பத்தில் கன்னங்கள் மட்டும் கத்தியில், மீதியெல்லாம் பழைய ரேசரில். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கத்தியைச் சாய்த்து வைக்க வேண்டும். நிமிர்த்தினால் வெட்டும், ஒரேயடியாகப் படுக்கவைத்தால் முடியைப் பிடுங்கும். அழுத்தவே கூடாது. தாடை வளைவில்தான் அதிகம் அறுபட்டேன். படிகாரத்தைத் தேய்த்துக்கொண்டு ரயிலுக்கு ஓடுவேன். மலைக்கோயிலில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குடும்பங்கள் பிளாட்பாரத்தில் நிற்கும். இந்த ஊரில் அத்தனை தலைகள் தினமும் சுத்தமாக இறங்கி வர, நான் மட்டும் கைக்குட்டையைத் தாடையில் அழுத்தியபடி நின்றேன்.

ஒரு ஞாயிறு பாவாவின் கண்ணில் பட்டுவிட்டது. "இன்னா மச்சான், பூன பொறாண்டிச்சா? இல்ல, வூட்ல தங்கச்சி கைவரிசையா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நவம்பர் 2 ஆராதனைக்குப் பிறகு, போதகர் அறையில் அங்கியை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, என் முகத்த பாருங்க. சவரக்கத்தியில நானே பண்ணது. ஒரு கீறல் இருக்குதா? கை ஆடினா இது முடியுமா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"உக்காருங்க. உங்க கையில ஒண்ணும் இல்லீங்க. எப்பவுமே இருந்ததில்ல."

நான் உட்காரவில்லை.

"சபை ஹாலுக்குப் புதுக் கூரை போட்டுக் குடுத்தாரு உங்க பாவா. தட்டு புடிக்கணும்னு அவருக்கு ஆச. இத்தன வருஷம் செஞ்ச உங்கள எப்பிடிப் போய் நிறுத்திக்கச் சொல்றதுன்னு எங்களுக்கு வாய் வரல. உங்க அக்காதான் வழி சொன்னாங்க. 'சிந்திடும்னு ஒரு வார்த்த சொல்லுங்க, தம்பி தானா ஒதுங்கிக்குவான், அவன் அப்பிடிப்பட்ட ஆளு'ன்னு. உங்க மனசு நோகக்கூடாதுன்னுதாங்க."

அக்கா என்னைச் சரியாகவே அளந்திருக்கிறாள். கூரைக்காக இடம் கொடு என்று கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். என் ஒழுங்கையே பிடித்துத் தள்ளினால் சத்தமில்லாமல் விழுவேன் என்று கூடப் பிறந்தவளுக்குத்தான் தெரியும். ஜூனிலிருந்து நான் பயந்து பார்த்துக்கொண்டிருந்த கை ஆட்டம், அவள் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தைதான்.

வழக்கம்போல் கிளாஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேனே" என்று அவள் சொல்லவில்லை. கிளாஸ்களைக் கழுவ எடுத்தாள், வேண்டாம் என்றேன். மாலைக்குள் ரசம் அடியில் காய்ந்து கறுத்து, எறும்பு ஏறியது. அக்கா போன் செய்தாள்.

"தம்பி, இன்னிக்கு மூஞ்சி பளபளன்னு இருந்துச்சே, இன்னா விசேஷம்?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஆங், நாளைக்கு மீன் வாங்கினா குடுத்தனுப்பறேன்" என்று வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை எழுந்ததும் மோட்டார் போடவில்லை, பால் காய்ச்சவில்லை. பெட்டியை ஸ்கூட்டரில் வைத்து அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். பாவா பல் விளக்கிக்கொண்டே கதவைத் திறந்தார். பெட்டியை வாங்கி மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா மச்சான், கழுவவே இல்ல?"

"கை ஆடுது பாவா. ஒடஞ்சிடும்."

அவர் வாயில் பிரஷ்ஷோடு நின்றார். உள்ளே யாரென்று கேட்கும் அக்காவின் குரல் வந்தது. நான் ஸ்கூட்டரைத் திருப்பினேன்.