ஒரு வளையம் கூடுதல்

வாசலூர்பட்டியில் மரம் அறுக்கும் வேலையை உதறிவிட்டு மலையிறங்கிக்கொண்டிருந்தேன். மேஸ்திரியோடு சண்டை. முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு சாப்பிடவில்லை, குதிகாலில் கொப்புளம். வழியில், அந்த வாரம் வெட்டிய தேக்கின் அடிக்கட்டை முன் ஃபாரஸ்ட் ஆபீசர் ஒருவர் லென்ஸோடு குனிந்திருந்தார். தண்ணீர் கேட்டேன். கொடுத்துவிட்டு, படிக்கத் தெரியுமா என்றார். மூன்றாம் வகுப்பு என்றேன். தாலுகா மழை ரிஜிஸ்தரைக் கையில் தந்து, கடைசி வருடத்திலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொன்னார்.

வருடத்துக்கு ஒரு வளையம். நல்ல மழைக்கு அகலம், வறட்சிக்கு ஒடுக்கம். ரிஜிஸ்தரோடு வெளி வளையங்கள் ஒத்துப்போனால், அதற்கும் முந்தைய மழையை உள் வளையங்களில் படிக்கலாம். நான் "மழை குறைவு" என்று வாசிக்க, அவர் விரல் ஒடுங்கிய வளையத்தில் போய் நின்றது. பசி மறந்துவிட்டது.

ஒன்பது வருடம் ஒத்துப்போனது. அதற்குமேல் எல்லாம் ஒரு வளையம் தள்ளியே நின்றது. மூன்று முறை எண்ணியும் அப்படித்தான்.

"நம்ம ஊர் மரத்த நம்ப முடியாதுன்னு மேலதிகாரி அப்பவே சொன்னாருங்க. நாளைக்கு முகாமக் கலைச்சிர்றேன்" என்று லென்ஸை மூடினார். வளையம் எண்ணும் இந்த முகாம் தொடர்ந்து நடந்தால் எனக்கும் அதில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்.

பக்கத்தில் கிளை கழித்துக்கொண்டிருந்த குப்பன், அதே மலையில் பெரக்கரை நாட்டில் சாமை விதைப்பவர். எந்த வருடத்தில் தவறுகிறது என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார்.

"அந்த வருசம் புழு விழுந்து தேக்கெல்லாம் மொட்டையாயிருச்சுங்க. அப்பறம் மறுக்காத் துளுத்துச்சு. நீங்க ஒரு நாள்ல ரெண்டு வேளை தின்னா ரெண்டு நாளுன்னா எழுதுவாங்க?"

ஆபீசர் கட்டையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். மற்ற வளையங்கள் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாக இருந்தன. பத்தாவதில் துளை இல்லை. மங்கலான கோடு மட்டும். அதைத் தனி வருடமாக எண்ணாமல் கணக்கிலிருந்து நீக்கினார். நான் வாசித்தேன். குறைவு: ஒடுக்கம். குறைவு: ஒடுக்கம். ரிஜிஸ்தரின் முதல் பக்கம்வரை தவறவில்லை. என் குரல் உயர்ந்துவிட்டது.

அதற்கும் உள்ளே நூல்போல மூன்று வளையங்கள். குப்பன் தொட்டுப் பார்த்தார். "எங்கப்பன் கிழங்கு தோண்டித் தின்ன காலமா இருக்குமுங்க."

ஒரு மரத்தை வைத்து அப்படி முடிவுகட்ட முடியாது, இன்னும் பல மரம் பார்க்க வேண்டும் என்றார் ஆபீசர். முகாமைக் கலைக்கும் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் காலை வேலைக்குச் சேர்ந்தேன். அடிக்கட்டையை இழைப்பதும் வளையம் எண்ணுவதும் பிறகுதான். முதலில் பக்கத்துக் காட்டுக்காரர்களிடம் போய், புழு விழுந்த வருடங்களைக் கேட்டு எழுதி வர வேண்டும்.