நிழலில்லாதவனைத் தேடிய ஏட்டு

ஜெகநாதன் திருத்தணியில் ஏட்டு. ஆர்.கே.பேட்டைப் பக்கம் கழனி வேலை செய்த குடும்பத்தில் முதன்முதலாகக் காக்கிச் சட்டை போட்டவர். கிருத்திகைக் கூட்டத்தில் நாளெல்லாம் கத்தித் தொண்டை கட்டிப்போனாலும், வீட்டுக்கு வந்ததும் போனில் நாலு வரி கதை எழுதாமல் இருக்கமாட்டார். மந்திரக் கதை. சிலைகள் பேசும் ஒரு நகரம், அதில் இரண்டு காவலர்கள். முதல் பாகத்தை இணையத்தில் ஏழாயிரம் பேர் படித்திருந்தார்கள்.

இரண்டாம் பாகத்தில் அந்தக் காவலர்கள், நிழலே விழாத ஒரு கொலையாளியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பதினோராம் அத்தியாயத்தோடு கதை நின்றுபோயிற்று. அவனை எப்படிப் பிடிப்பது என்று எழுதுகிறவருக்கே பிடிபடவில்லை.

அப்போதுதான் அவரை ஆஸ்பத்திரியில் முருகவேலுக்குக் காவல் போட்டார்கள். அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் ஒருவரைக் கூலிக்கு வெட்டிக் கொன்றவன் முருகவேல். கனகம்மாசத்திரத்தில் போலீஸ் துரத்தியபோது சுவரேறிக் குதித்துக் காலை உடைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவனே கேட்டான். "இன்னா ஏட்டய்யா, எப்பவும் போன்ல தட்டிக்கினே கீறீங்க?"

பொழுது போகாமல் ஜெகநாதன் ஒரு அத்தியாயத்தைப் படித்துக் காட்டினார். முருகவேல் கண்ணை மூடிக் கேட்டான்.

"நல்லாத்தான் கீது. ஆனா ஆள முடிச்சிட்டு அவன் கோபுரத்து மேல நின்னு சிரிக்கிறான் பாருங்க, அது பொய். எனுக்கு மூணு நாளு வாந்தி. பின்னால யாராவது இருமுனாலே கை கால் உதறும்."

ஜெகநாதனுக்கு ஒரு நொடி பாவமாக இருந்தது. உடனே, செத்தவரின் மனைவி வள்ளிநாயகி ஸ்டேஷன் பெஞ்சில் புருஷனின் ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்முன் வந்தது.

"அவரு சம்சாரம் யாருன்னாவது உனுக்குத் தெரியுமா?"

முருகவேல் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "தெரியாதுங்க," என்றான்.

முருகவேலை ஆஸ்பத்திரியிலிருந்து ஜெயிலுக்கு மாற்றிய பிறகு, அந்த வார ஓய்வு நாளில் ஜெகநாதன் மஃப்டியில் அம்மையார்குப்பத்தில் வள்ளிநாயகி வீட்டுக்குப் போனார். எதற்குப் போகிறோம் என்று அவருக்கே தெளிவில்லை. "ஆள் உள்ள போயிட்டாம்மா, ஜாமீன் கெடைக்கல," என்று மட்டும் சொன்னார். வள்ளிநாயகி மோர் கொடுத்து உட்காரவைத்தாள். கேட்காமலே புருஷனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். பவர்லூம் சத்தத்தையும் மீறிக் குறட்டை விடுவாராம். சொல்லும்போது சிரித்துவிட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே பன்னிரண்டாம் அத்தியாயத்தை எழுதினார். காவலர்கள் கொலையாளியை ஒரு பாழடைந்த மண்டபத்தில் கண்டுபிடிக்கிறார்கள். வாந்தியெடுத்துச் சுருண்டு கிடக்கிறான். வாள் உருவ வேண்டிய வேலையே இல்லை. பிறகு இருவரும் செத்தவனின் வீட்டுக்கு நடக்கிறார்கள். அங்கே அவன் மனைவி அவனுடைய குறட்டையைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

படித்தவர்களில் பாதிப் பேர் 'சண்டை எங்கே?' என்று திட்டினார்கள்.

அவர் மனைவி தேவகி அவரைக்காய் நறுக்கியபடியே படித்து முடித்தாள். "அந்தம்மா நெஜமாவே அப்டி சிரிச்சாங்களா?"

"ஆங், சிரிச்சாங்க. அப்பறம் ரொம்ப நேரம் அழுதாங்க."

"அத வுட்டுட்டீங்களே."

ஜெகநாதன் போனை வாங்கி, திட்டியவர்களுக்குப் பதில் எதுவும் போடாமல், பதின்மூன்றாம் அத்தியாயத்தைத் தொடங்கினார்.