டொமினிக் அண்ணனின் நெருப்புச் சட்டி

கேஸ் பொருத்துறவனை யாரும் முதல்ல கூப்பிடுறதில்லை; வீடியோ பார்த்து எல்லாத்தையும் தானே செஞ்சு முடிச்சு, கடைசியா ஒரு பயம் வரும் பாருங்க, அப்போதான் நம்ம நம்பர் ஞாபகம் வரும். இந்தத் தொழில்ல கிடந்து அல்லாடுற உங்களுக்கு நான் சொல்லியா தெரியணும்!

சட்டிக்கு ஓட்டை

கெலாங் பாத்தாவில டொமினிக் அண்ணன் வீடு. தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வர்ற மனுஷன். ஞாயித்துக்கிழமையாவது பொண்டாட்டி ரெஜினாவோட உட்கார்ந்து பேசணும்னு, வீட்டுக்குப் பின்னால பலகைத் தளம் போட்டு, நடுவில கேஸ்ல எரியிற நெருப்புச் சட்டி ஒண்ணை அவரே கட்டியிருந்தாரு. ஜொகூர் வெக்கையில நெருப்பு எதுக்குன்னு நான் கேட்கலை. கேட்டா வேலை போயிடும்.

ஆயர் ஈத்தாம்ல வாங்கின பெரிய மண்சட்டி. உள்ளே பர்னர், மேலே எரிமலைக் கல். அழகுதான், ஆனா அடியில ஒரு ஓட்டைகூட இல்லை. "அண்ணே, கேஸ் காத்தைவிடக் கனம். கசிஞ்சா அடியில தேங்கி நிக்கும். பத்த வெச்சா சட்டியும் இருக்காது, நீங்களும் இருக்க மாட்டீங்க. ஓட்டை போடணும்"னேன். சட்டியைத் தடவிக்கிட்டே சொன்னாரு: "அலமாக்! ஓட்டை இல்லாத சட்டியா பார்த்துத்தானே தம்பி, நாலு கடை ஏறி இறங்கி வாங்கினேன்!"

சவுக்காரத் தண்ணி

ஓட்டை போட்டாச்சு. அடுத்து, கசிவு இருக்கான்னு பார்க்கணும். "அதெல்லாம் நேத்தே பார்த்துட்டேன் லா. கேஸ் தோம்பைத் திறந்து வெச்சுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், துளி வாடை இல்லை"ன்னாரு. நான் சிலிண்டரைத் திறந்துட்டு, என் வழக்கப்படி சவுக்காரத் தண்ணியைத் தடவினேன். குழாய் இணைப்பில நுரை பொங்கிச்சு. எனக்கு மூக்கைத் துளைக்குது. பக்கத்தில குனிஞ்சு நின்னவரு முகத்தில ஒரு சுளிப்பு இல்லை.

தோம்பை மூடினேன். நேத்து இவரு ஒரு தீக்குச்சி உரசியிருந்தா? அண்ணன் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துட்டு, குரலைத் தாழ்த்தினாரு: "கொரோனா வந்ததிலேர்ந்து எனக்கு எந்த வாசமும் தெரியறதில்லை தம்பி. ரெஜினாகிட்ட சொல்லிடாதே. அவ பார்த்துப் பார்த்து ஆக்கிப்போடுறா, நான் தினமும் 'வாசம் தூக்குது'ன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்."

ரசம்

இணைப்பை மாத்தினேன், திரும்பத் தடவினேன், நுரை இல்லை. ஆனா மனசு ஒப்பலை. நாளைக்கே வேற எங்கயாவது தளர்ந்தா? புருஷன் பொண்டாட்டி விஷயத்தில தலையிடுறது நம்ம வேலை இல்லைதான். ஆனாலும் சொல்லிட்டேன், "நீங்களா அக்காகிட்ட சொல்லலைன்னா, ரெகுலேட்டரைக் கழட்டிக்கிட்டுப் போயிடுவேன் அண்ணே."

அதுக்குள்ள அக்காவே தேத்தண்ணியோட வந்துட்டாங்க. அண்ணன் தொண்டையைச் செருமிச் செருமி ஒருவழியா சொல்லி முடிச்சாரு. அக்கா கோபப்படலை. தட்டை வெச்சுட்டு, தோம்புகிட்ட போய் நல்லா மோந்து பார்த்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "எப்பவோ தெரியும். பூண்டு, பெருங்காயம், கொத்தமல்லி ஒண்ணும் போடாம ஒரு நாள் ரசம் வெச்சேன். 'வாசம் தூக்குது'ன்னு ரெண்டு டம்ளர் குடிச்சாரு. என் மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்ற மனுஷனை என்னன்னு கேட்கிறது? அதான் விட்டுட்டேன். இனிமே தோம்பை நான்தான் திறப்பேன்."

கசிவைக் கண்டுபிடிக்க நமக்குச் சவுக்காரத் தண்ணி வேணும்; பொண்டாட்டிக்கு ஒரு சட்டி ரசம் போதும்.