தெர்மாகோலில் ஜனாதிபதி மாளிகை

ஸ்டீபன் அண்ணா, நீ டெல்லியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் வானகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மேடையில் ஜனாதிபதி மாளிகையைத் தெர்மாகோலில் கட்டினாய். நான் எட்டாவதோடு நின்றவள். எனக்குத் தெரிந்த மட்டும் உன்னைப் பற்றி எல்லோருக்கும் எழுதுகிறேன்.

என் அண்ணன் அதுவரை வேறொருவரிடம் கூலிக்கு மேடை அலங்காரம் செய்துகொண்டிருந்தான். தன் பொறுப்பில் எடுத்த முதல் வேலை இது. நன்றாக அமைந்தால் இனி நேராக அவனுக்கே வேலை கொடுப்பதாக மண்டபக்காரர் சொல்லியிருந்தார். பெண்ணின் அப்பா ஆவடிக்காரர், ராணுவத்தில் இருந்தவர். ஒரு காலத்தில் அந்த மாளிகையில் காவல் நின்றவராம். மகளின் வரவேற்புக்கு மயில், அன்னம் எதுவும் வேண்டாம், அந்த மாளிகை முகப்புதான் வேண்டும் என்றார்.

பூந்தமல்லியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சூட்டுக் கம்பியால் தெர்மாகோலை அறுத்துக்கொண்டே, போனில் பார்த்ததையெல்லாம் அண்ணன் சொல்வான். நான் பசை தடவுவேன். உச்சியில் இருக்கும் பெரிய குவிமாடம் சாஞ்சி ஸ்தூபியைப் பார்த்து வைத்ததாம். சிவப்புக் கல்லும் வெளிர்மஞ்சள் கல்லும் கலந்து கட்டினதாம். வெள்ளைக்காரர்கள் நடனமாடிய கூடத்தில்தான் இப்போது விழாக்கள் நடக்கின்றனவாம். முதலில் குடிபோன நம் நாட்டுக்காரர், வைஸ்ராய் படுத்த அறை தனக்கு ரொம்பப் பெரிது என்று சின்ன அறைகளுக்கு மாறிக்கொண்டாராம். இதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தான். "நம்ம ஊட்டுக்கு வந்திருந்தா இன்னும் சந்தோசப்பட்டிருப்பாரு பாப்பா" என்றான். எங்களுடையது ஒற்றை அறை.

அந்த மாளிகைத் தூண்களின் தலையில், மூலைக்கு ஒன்றாகக் கல்மணிகள் தொங்கும். கல் என்பதால் அடிக்காது. மணி அடிக்காதவரை ஆட்சி போகாது என்று ஒரு நம்பிக்கையாம். அண்ணன் குவிமாடத்தைவிட அந்த மணிகளுக்குத்தான் அதிகம் மெனக்கெட்டான்.

வரவேற்பு அன்று மதியம் பெண்ணின் அத்தை மேடையைப் பார்க்க வந்தார். கோர்ட்டு மாதிரி இருக்கிறதே, பூ எங்கே என்று ஆரம்பித்தார். பூ வைத்தோம். பிறகு மணிகளைப் பார்த்துவிட்டார்.

"இன்னா தம்பி இது, நாக்கே இல்லாத மணி? கல்யாணத்துல ஊமை மணி ஆவாது. எடுத்துடு."

பெண்ணின் அப்பாவுக்குப் போன் போடலாம் என்றேன். அண்ணன் கேட்கவில்லை.

"மணிய நம்பிக் கட்ன வெள்ளக்காரனே போய்ட்டான். நாம ஒரு சாயங்காலத்துக்குத்தான கட்டிக்கினு கீறோம். உடு பாப்பா."

கத்தியை எடுத்து அவனே மணிகளை அறுத்தான். தூணையும் அதன் தலையையும் சேர்த்துப் பிடித்திருந்த குச்சிகளை அந்த மணிகளுக்குள்தான் மறைத்திருந்தான். அவசரத்தில் குச்சிகளும் அறுந்துவிட்டன. ஆட்கள் வரத் தொடங்கியபோது, மாப்பிள்ளை பக்கத்துத் தூணின் தலை ஆடியது. பசை தடவினால் காய நேரமில்லை. அண்ணன் படுதாவுக்குப் பின்னால் போய், நாற்காலியில் ஏறி, இரண்டு கையாலும் அதைத் தாங்கிக்கொண்டான். வரவேற்பு முடியும்வரை இறங்கவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோய்ப் புகட்டினேன். "யாராச்சும் தூண் மேல சாயறாங்களா, பாத்துக்கோ" என்றான்.

எதுவும் விழவில்லை. சொன்னபடி மண்டபக்காரர் அடுத்த வேலையை அண்ணனுக்கே கொடுத்தார். அதைச் செய்து முடித்த கையோடு அவனுக்கு மஞ்சள்காமாலை வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை.

கேள்விப்பட்டு ஆவடியிலிருந்து அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். சட்டம் போட்டு மாட்ட அவனுடைய நல்ல படம்கூட இல்லையே என்று அம்மா அழுதாள். அப்போதுதான் நான் அவரிடம் தூண் விஷயத்தைச் சொன்னேன். அதுவரை அவருக்குத் தெரியாது. மறுநாள் மகளின் வரவேற்புப் படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து தந்தார்.

அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்கள் இது யார் கல்யாணம் என்று கேட்கிறார்கள். மாப்பிள்ளை பக்கத்துத் தூணைத் தொட்டு, இதற்குப் பின்னால் நிற்பது என் அண்ணன் என்பேன். நீங்களும் அவனுக்காக ஒருமுறை வேண்டிக்கொள்ளுங்கள். எந்தச் சாமியிடம் என்றாலும் சரி.