கூப்பிடாத வீட்டுக்குள் போனவள்

தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் எண்பதுகளில் மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய தமிழர்களில் சொந்த லோரி யாரிடம் இருந்தது என்று கேட்டால், என்னைத்தான் முதலில் காட்டுவார்கள். தோட்ட ஆபீஸ் கிராணிமார்களே என்னைக் கண்டால் நாற்காலியை நகர்த்திப் போடுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட என்னை என் சம்பந்தி "வாங்க" என்று கூப்பிடவில்லை.

சம்பந்தி பழைய மண்டோர், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கியவர். வேலையை விட்டபின் சுங்கை சோவில் வீடு கட்டிக்கொண்டு இருந்தார். அவர் மகனுக்குத்தான் என் கடைசி மகளைக் கொடுத்தேன். கல்யாணம் முடிந்து சில நாள் கழித்துப் பலகாரப் பெட்டியோடு போனேன். மனிதர் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கினார், "ம்" என்றார், மறுபடியும் பேப்பருக்குள் போய்விட்டார். நான் பெட்டியைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

தீபாவளி நெருங்கி வந்து தொலைந்தது. மகளுக்குத் தலைத் தீபாவளி. பெண்ணைப் பெற்றவன் நேரில் போய் அழைக்க வேண்டும். அழைக்காமல் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தால் அது அந்த வீட்டுக்கு மரியாதை இல்லை. எங்கள் வீட்டில் போன் கிடையாது; மகள் பக்கத்துச் சீனன் கடைக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, நீங்க வந்து கூப்பிடலன்னா மாமா அனுப்ப மாட்டாரு. உங்க ரெண்டு பேரு ரோசத்துல நான் இங்க உக்காந்து மத்தாப்பு கொளுத்தவா?"

வீட்டுக்கு வந்தால் என் மனைவி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். "மக வரலன்னா இத்தனை முறுக்கையும் நீங்களே தின்னணும். சொல்லிட்டேன்" என்றாள்.

"சரி, வாசல் வரைக்கும் வரேன். அந்த ஆளு வாங்கன்னா எறங்குவேன். இல்லன்னா லோரி திரும்பிடும் லா."

கிளம்பும்போது இன்னொரு தொல்லை. என் மூத்த மகனின் மகள், இரண்டு வயதுகூட ஆகாத பொடிசு, தானும் வருவேன் என்று டயரைக் கட்டிக்கொண்டு அலறியது. கூட வந்த என் மனைவியின் மடியில் ஏற்றினோம்.

இவளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேத்தி பார்க்கட்டும் என்று லோரியைக் கழுவி, பாலிஷ் போட்டு, ஹாரன் அடித்துக் காட்டியிருக்கிறேன். அவள் லோரியைப் பார்க்கவே இல்லை. அடியில் தொங்கிய தார்ப்பாய்க் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு காலை முழுக்கச் சிரித்தாள். நான் ரத்தம் சிந்திச் சம்பாதித்த லோரி!

அவளுக்குத் தெரிந்த வார்த்தைகளே கொஞ்சம். அதில் பெரிய வார்த்தை "வா". கோழியைக் கண்டால் வா. மீட்டர் பார்க்க வருபவனைக் கண்டால் வா. ஒருநாள் சமையலறையில் எலியையும் கூப்பிட்டாள். வராவிட்டால் கோபமும் கிடையாது. இவளே எழுந்து அதன் பின்னால் போய்விடுவாள். மானம் மரியாதை பார்க்காத பிறவி.

வழியில் செம்பனைக் காட்டு ஓரமாகப் போகும்போது செருப்பைக் கழற்றி ஜன்னல் வழியே எறிந்தாள். லோரியை நிறுத்தினேன். மனைவி இறங்கிப் புல்லுக்குள் தேடினாள். "அங்க இல்ல, இந்தப் பக்கம்!" என்று நான் கண்ணாடி வழியாகக் கத்திக்கொண்டிருந்த நேரத்தில், அழைப்புக்கு வைத்திருந்த பழத் தாம்பாளத்தைப் பேத்தி பார்த்துக்கொண்டாள். திரும்பினால் ஒவ்வொரு ஆப்பிளிலும் ஒரு கடி. ஒன்றையாவது முழுசாகத் தின்று தொலைத்திருக்கக் கூடாதா?

"எச்சில் பழத்தையா சம்பந்தி கையில கொடுக்கிறது? திருப்புறேன் வண்டிய" என்றேன்.

"திருப்பிப் பாருங்க" என்றாள் மனைவி. அந்தக் குரல் எனக்குத் தெரியும். நேராக ஓட்டினேன்.

சம்பந்தி வாசலில் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். லோரியைப் பார்த்தார். கூப்பிடவில்லை. அதே செடிக்கு மறுபடியும் தண்ணீர் விட்டார். நான் இன்ஜினை நிறுத்தவில்லை.

"எறங்குங்க."

"கூப்பிடட்டும்" என்றேன் மனைவியிடம்.

செடி தண்ணீரில் மிதக்க ஆரம்பித்தது. குழாயைக் கண்டவுடன் பேத்தி மடியிலிருந்து வழுக்கினாள். மனைவி கதவைத் திறந்து இறக்கிவிட்டாள். பேத்தி ஓடிப்போய்ச் சேற்றில் உட்கார்ந்து தலையை நனைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, அவர் கைலியைப் பிடித்து, "வா, வா" என்று லோரிப் பக்கம் இழுத்தாள். கைலி அவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் மண்டோர் பின்னாலேயே வந்தார். என் ஜன்னலுக்குக் கீழே நின்றார்.

"பேத்தி கூப்பிட்டுச்சு. அதான் வந்தேன்."

"எங்க வீட்டுப் பிள்ளைக்குக் கூப்பிடத் தெரியும்" என்றேன்.

"அப்படியா? கல்யாண மண்டபத்து வாசல்ல என்னை யாரு வாங்கன்னு சொன்னா? நீங்க லோரி டயர எட்டி ஒதச்சுக்கிட்டு நின்னீங்க!"

இதுதான் விஷயமா! அன்றைக்கு டயரில் காற்று இறங்கிக்கொண்டிருந்தது. பந்திச் சாமான் முழுக்க அந்த லோரியில்தான் இருந்தது. டயரைப் பார்ப்பேனா, பன்னீர் தெளிப்பேனா? நாக்கில் நல்ல பதில் தயாராக இருந்தது.

அதற்குள் அந்தப் பொடிசு சேற்றுக் காலோடு அவர் வீட்டுக்குள் போய்விட்டது. துடைத்து வைத்த சிமெண்டுத் தரை முழுக்கப் பாதம். உள்ளே என் மகள் "ஐயோ, யாரு வந்திருக்கா பாரு!" என்று சிரிக்கும் சத்தம் கேட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டிருக்கவில்லை. பின்னாலேயே பேத்தியின் குரல்: "வா!" யாரைக் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

"கூப்பிடுது, பாருங்க" என்றார் சம்பந்தி.

"உங்க வீடு. நீங்க முன்னால போங்க."

"நீங்க மொதல்ல எறங்குங்க சம்பந்தி."

இன்ஜினை நிறுத்தினேன். வேறென்ன செய்வது?

தாம்பாளத்தைப் பார்த்ததும் அவர் சிரித்தார். "ருசி பாத்துத்தான் கொண்டாந்திருக்கீங்க." ஒரு பழத்தை எடுத்துக் கடிபடாத பக்கமாகக் கடித்தார். "பிள்ளை எச்சில்தானே."

அன்றைக்குத் தன் வாயால் என்னைக் கூப்பிட்டதாக அவர் இன்றைக்கும் சொல்லித் திரிகிறார். "எறங்குங்க" என்பது "வாங்க" ஆகாது என்று நானும் விடுவதில்லை. இரண்டு கிழவர்களும் பேசி முடிக்காத இந்த வழக்கை, மூக்கு ஒழுகும் ஒரு பிள்ளை சேற்றுக் காலாலேயே முடித்துவிட்டது. கூப்பிட்டால்தான் போவேன் என்று அவள் எந்த வாசலிலும் நின்றதில்லை. அதனால்தானோ என்னவோ எல்லா வீட்டிலும் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது வராது. லோரி வாங்கத் தெரிந்தது, இது தெரியவில்லை.

தீபாவளியன்று பொழுது விடிந்ததிலிருந்து புதுச் சட்டையில் வாசலிலேயே நின்றேன். இந்தத் தடவை குறை சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. கார் வந்தது. மகளும் மாப்பிள்ளையும் இறங்கினார்கள்; அவர்களைக் கொண்டுவந்து விடச் சம்பந்தியும் வந்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

என் காலுக்கிடையிலிருந்து அது முந்திக்கொண்டது. "வா!"

சம்பந்தி அவளைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டார்.