மாயழகு அண்ணன் படித்த கிரேக்கம்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் மாயழகு அண்ணனைப் போலக் கவ்வாத்து வெட்ட ஆள் கிடையாது. தேயிலைச் செடிகளை ஒரே மட்டத்துக்கு நறுக்கிக்கொண்டே மலையேறிப் போவார். கத்தி பேசுமே தவிர வாய் பேசாது. அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் எங்கள் காம்பரா வீட்டுக்குள் வந்து, கதவைச் சாத்திவிட்டு, என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"தங்கச்சி, எனக்குக் கிரேக்கம் சொல்லிக் குடுக்கிறியா?"

2003ஆம் ஆண்டு அது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் முதல் பட்டதாரி நான். பேராதனையில் படித்து முடித்து வந்து வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தேன். மனு எழுதவும், மருந்துப் போத்தலில் இருப்பதை வாசிக்கவும், டீவியில் படம் ஆடினால் அன்டெனாவைத் திருப்பவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் கிரேக்கம்?

"நான் படிச்சது பொருளியல்ண்ணே."

"ரெண்டும் ஒன்னுதான். ரெண்டும் யாருக்கும் வெளங்காது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னார்.

அவருடைய மனைவி தனலெட்சுமி அண்ணி சைப்பிரஸில் ஒரு கிழவனையும் கிழவியையும் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய் இரண்டு வருடம் முடியப்போகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பதுளை பஸாரில் இருக்கும் மர்ஸூக் நானாவின் தொலைபேசிக் கடையான கொம்யூனிகேஷனுக்கு அழைப்பு எடுப்பார். முந்தின நாள் பேசும்போது, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடவா வேண்டாமா என்று கேட்டிருக்கிறார். அண்ணனுக்கு, போடாதே, வந்துவிடு என்று கத்த வேண்டும்போல இருந்திருக்கிறது. கடையில் பத்துப் பேர் நின்றார்கள். "ஒன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டார்.

"அவ அழுதுட்டா தங்கச்சி. 'இங்க இந்தத் தாத்தா பொண்டாட்டியப் பார்த்து நிமிசத்துக்கு ஒருக்கா அகாபி மு, அகாபி முங்கிறாரு. நீங்க மழ பெஞ்சிச்சா, சோறு தின்னியான்னு கேக்குறீங்க. அடுத்த ஞாயித்துக்கெழம கடைசியாக் கேப்பேன்'னு சொல்லி வச்சிட்டா."

"தமிழ்ல சொல்ல வேண்டியதுதானே?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். எங்கள் லயத்தில் எந்த ஆணும் மனைவியைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. 'இந்தா புள்ள'தான் இருப்பதிலேயே பெரிய கொஞ்சல். "கிரேக்கத்துல சொன்னா அவளுக்கு மட்டும் வெளங்கும். நிக்கிறவனுக்கு வெளங்காதுல்ல."

திட்டம் நன்றாகத்தான் இருந்தது. மறுநாளே இரண்டு பேரும் பதுளைக்குப் போனோம். மர்ஸூக் நானாவின் தங்கை ஸுபைராக்கா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருக்கிறார். சைப்பிரஸில் நாலு வருடம் இருந்தவர். அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டதால் நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

"அக்கா, கிரேக்கத்துல புருசன் பொண்டாட்டிய எப்படிக் கொஞ்சுவாங்க?"

"யாருக்குப் புள்ள? உனக்கா?"

நான் வாசலைக் காட்டினேன். ஸுபைராக்கா வாயைப் பொத்திக்கொண்டு துணிக்கட்டுகளுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். பிறகு வஞ்சகமில்லாமல் கற்றுத் தந்தார். கலிமேரா, காலை வணக்கம், அதுவும் காலையில் மட்டும்தான். அகாபி மு, என் அன்பே. மாத்தியா மு, என் கண்ணே. க்ரிஸி மு, என் தங்கமே. எலா ஸ்பீதி, வீட்டுக்கு வா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனை. கண்ணு, தங்கம் எல்லாம் நம் வார்த்தைகள்தானே? கடல் தாண்டிப் போய் அதையே வாங்கி வருகிறோமே? பக்கத்தில் அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "மாத்தியா மு, மாத்தியா மு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பாடம். நான், "என் கண்ணே?" என்பேன். அவர், "மாத்தியா மு!" என்பார். "என் தங்கமே?" "க்ரிஸி மு!" நாட்கள் போகப்போகக் குரல் ஏறியது. நாங்கள் இரண்டு பேரும் மறந்த விஷயம் ஒன்று உண்டு. லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் இருக்கிறது. ஆனால் சுவர் கூரையைத் தொடுவதில்லை. ஒரு வீட்டில் தாளித்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள். அப்படியிருக்க, கதவைச் சாத்திவிட்டுக் கிரேக்கம் படித்தோம்.

சனிக்கிழமைக் காலை, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் அண்ணன் வந்து நின்றதும், கொழுந்துக்கூடையை மாட்டிக்கொண்டே பக்கத்து வீட்டுப் பெரியாயி அக்கா சத்தமாகச் சொன்னார்: "கலிமேரா தம்பி!"

பின்னால் நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே குரலில், "கலிமேரா!"

கங்காணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணன் கவ்வாத்துக் கத்தியோடு மலைக்கு ஓடிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் மர்ஸூக் நானாவின் கடைக்குள்ளும் வெளியிலும் எங்கள் லயமே நின்றது. எல்லாருக்கும் அன்றைக்குத்தான் பதுளையில் சாமான் வாங்க இருந்ததாம்.

தொலைபேசி அடித்தது. அந்தக் கடையின் ரிசீவரில் அந்தப் பக்கத்துப் பேச்சு தெருவுக்கே கேட்கும்.

"சொல்லுங்க. என்ன முடிவு?" அண்ணியின் குரல்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் கொட்டினார். "அகாபி மு. க்ரிஸி மு. மாத்தியா மு. எலா ஸ்பீதி!"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, விக்கல் மாதிரி கிளம்பி நிற்காமல் வந்தது. "ஐயோ! யாரு சொல்லிக் குடுத்தா? இங்க தாத்தாவும் சிரிக்கிறாரு. சரி, தமிழ்ல சொல்லுங்க. அப்பதான் நம்புவேன்."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். அத்தனை முகங்கள்.

"சொல்லு தம்பி," என்றார் பெரியாயி அக்கா. "நாங்க எல்லாம் அர்த்தத்தோட படிச்சிட்டோம். இனி என்னத்த மறைக்கப் போற?"

அண்ணனின் காது மடல் செம்பருத்தியாகச் சிவந்திருந்தது. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தார்.

"தனம்," என்றார். லயத்துக்காரர்களில் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. "கையெழுத்துப் போடாத. வந்துரு கண்ணு. நீ இல்லாம முடியல."

"எர்ஹொமே," என்றார் அண்ணி. அதற்குள் அவருடைய போன் கார்டு முடிந்து தொடர்பு அறுந்துவிட்டது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அண்ணனைப் பார்த்தேன். அந்த வார்த்தை எங்கள் பாடத்தில் இல்லை.

"என்ன தங்கச்சி சொன்னா? வாறாளா, மாட்டாளா?"

"தெரியலண்ணே!"

"மறந்துறாத, மறந்துறாத!" என்று கத்திக்கொண்டு அவர் தெருவில் இறங்கி ஓடினார். "எர்ஹொமே, எர்ஹொமே" என்று ஓதிக்கொண்டே நான் பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால், நான் மறந்துவிடுவேனோ என்று பெரியாயி அக்காவும் லயமும் அதையே ஓதிக்கொண்டு வந்தார்கள். மரக்கறிக்காரர்கள் தராசை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பட்டம் வாங்கிய அன்றுகூட நான் இவ்வளவு கவனமாக எதையும் சுமந்ததில்லை.

ஸுபைராக்கா யாருக்கோ சீத்தைத் துணி அளந்துகொண்டிருந்தார்.

"எர்ஹொமே!" என்றோம் எல்லாரும்.

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அண்ணனின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "வாறேன் எண்டு சொல்லிரிக்கிறா."

அண்ணன் ஸுபைராக்காவைப் பார்த்து, துணி வாங்க வந்தவரைப் பார்த்து, வாசலில் நின்ற ஆட்டோக்காரரைப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் கையை உயர்த்தி "கலிமேரா! கலிமேரா!" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

"அண்ணே, மூணு மணி! இப்ப அது சொல்லப்படாது!" என்று ஸுபைராக்கா கத்தினார்.

அவர் அதற்குள் பஸ் நிலையம் வரை போய்விட்டிருந்தார். அங்கேயும் சொல்வது கேட்டது.