கீழே ஆள் இல்லை

அந்த ஏரிக்கு வந்தவர்கள் யாரும் அவர் பெயரைக் கேட்டதில்லை. விசில்காரர் என்றால் போதும். கழுத்தில் கறுப்புக் கயிறு, கயிற்றில் ஒரு விசில், தலையில் சாயம் போன தொப்பி. குளிக்கிறவர்கள் மிதவைக் கயிற்றைத் தாண்டினால் ஊதுவார். படகில் எழுந்து நின்று போட்டோ எடுத்தால் ஊதுவார். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றித் தலைக்கு அணையாக வைத்துக்கொள்ளும் சூரர்களுக்கு மட்டும் நீளமாக, மூச்சு தீரும்வரை ஊதுவார். "என் பொண்டாட்டிகூட இவ்வளவு கண்டிக்க மாட்டாய்யா" என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்து மாட்டிக்கொள்வார்கள். விசில்காரருக்கு அது கேட்காது. அது மட்டுமா, எதுவுமே அவருக்குச் சரியாகக் கேட்காது.

ஏரி என்று வாய் நிறையச் சொன்னாலும் அது தனியார் அணைதான். முதலாளியின் அப்பா தன் பழத்தோட்டத்துக்காக ஒரு ஓடையை மறித்து மண்கரை போட்டார். மகன் தலையெடுத்ததும் படகு வந்தது, நிழற்குடை வந்தது, நுழைவுச் சீட்டு வந்தது, காதைப் பிளக்கும் பாட்டும் வந்தது. தோட்டம் மட்டும் பழையபடியே தண்ணீர் கேட்டது. ஆகவே பகலெல்லாம் ஏரியில் ஆட்களைப் பார்த்துக்கொள்வதும், சாயங்காலம் கரைமேல் நின்று சக்கரத்தைச் சுற்றி மதகைத் திறப்பதும் விசில்காரரின் வேலை. கரையோரம் இரண்டு அறை வீடு ஒன்று கொடுத்திருந்தார்கள். வேலை இருக்கும்வரை வீடு.

வாலிபத்தில் முங்கி முங்கி, மதகு வாயில் அடைத்த குப்பையை எல்லாம் கையால் எடுத்தவர் அவர். காதில் சீழ் பிடித்தது, ஆறியது, மறுபடி பிடித்தது. ஒரு காது போய், பின்னாலேயே இன்னொன்றும் போனது. முகத்துக்கு நேரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார். வெளியே தெரிந்தால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும். அதனால் மூச்சு விடவில்லை. தெரிந்தது அவர் மனைவி ஒருத்திக்குத்தான்.

அவள் கரையில் டீக்கடை வைத்திருந்தாள். கடை என்று பேர், காது முழுக்க ஏரியில்தான். எங்காவது கூச்சல் கேட்டால் சிவப்புத் துண்டை எடுத்து, கேட்ட திசையில் வீசுவாள். அவர் அடுத்த நொடி தண்ணீரில் இருப்பார். "விசிலண்ணனுக்குப் பாம்புக் காது" என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் பெருமையடித்துக்கொள்வார். அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் டீ பொங்கி அடுப்பில் வழியும்.

ராத்திரி சாப்பிடும்போது அன்றைய பேச்சையெல்லாம் அவர் முகத்தைப் பார்த்து ஒன்றுவிடாமல் சொல்வாள்.

"இன்னிக்கு ஒரு ஆளு உங்கள என்ன சொன்னான் தெரியுமா?"

"என்ன சொன்னான்?"

"நல்ல மனுஷன்னு சொன்னான்."

"பொய் சொல்லாத. அவன் மூஞ்சிய நான் பாத்தேன்."

"சரி, கிழட்டுக் கழுதன்னான். நான் அவன் டீயில சர்க்கரையே போடல, போதுமா?"

காதில்லாத மனிதருக்கு ஊர்ப்பேச்சில் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது அப்படித்தான்.

மதகு திறக்கும் நேரத்தில்தான் அவள் இல்லாமல் முடியாது. கரைக்கு அந்தப் பக்கம், தண்ணீர் வந்து விழும் இடத்தில் ஒரு சின்னக் குட்டை. முழங்கால் அளவு, வழவழப்பான கூழாங்கற்கள், நல்ல குளிர்ச்சி. இறங்கக் கூடாது என்றால்தானே மனிதனுக்கு இறங்கத் தோன்றும்? சக்கரத்தருகே நின்றால் சரிவு மறைத்துவிடும், குட்டை தெரியாது. குட்டையும் சக்கரமும் சேர்ந்து தெரிகிற ஒரு மேட்டில் அவள் போய் நிற்பாள். கீழே இருப்பவர்களைத் திட்டித் தீர்த்து மேலே அனுப்பிவிட்டு வெள்ளைத் துண்டை ஆட்டுவாள். கீழே ஆள் இல்லை என்று அர்த்தம். அப்புறம்தான் அவர் கை சக்கரத்தில் படும். தண்ணீர் முழுசாக ஓடும்வரை அவள் அங்கிருந்து அசைய மாட்டாள். இந்த வேலைக்கு அவளுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. இது ஒரு வேலை என்றே யாருக்கும் தோன்றவில்லை.

காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான், வேறு சொல்ல ஒன்றுமில்லை.

முதலாளி வந்து துக்கம் கேட்டார். மேட்டில் ஒரு போர்டு வைத்தார். 'தண்ணீர் எந்நேரமும் திறக்கப்படும். இறங்காதீர்கள்.' போர்டு திட்டுமா? சர்க்கரை போடாமல் டீ கொடுக்குமா? அந்த மேட்டில் ஒரு ஆளை நிறுத்துங்கள் என்று விசில்காரர் கேட்டிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. ஆனால், "எதுக்குண்ணே ஆளு? எவனாவது இருந்தா கத்த மாட்டானா, உங்களுக்குக் கேட்காதா?" என்று முதலாளி திருப்பிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? விழுங்கிக்கொண்டார். தானே இறங்கிக் குட்டையைப் பார்ப்பார், படியேறுவார், விசில் ஊதுவார், சக்கரத்தைச் சுற்றுவார். அவர் படியேறும் நேரத்தில் குட்டைக்குக் காவல் இல்லை. அது அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் தினமும் சக்கரத்தைத் தொட்டார்.

அன்று விடுமுறை நாள். ஏரிப் பக்கம் ஜேஜே என்று கூட்டம். அவர் குட்டையைப் பார்த்துவிட்டுப் படியேறிய பிறகு ஒரு தாயும் சின்ன மகளும் கால் கழுவ அந்தப் பக்கம் இறங்கியிருக்கிறார்கள். விசில் சத்தம் கேட்டது. காலையிலிருந்து கேட்டுக் கேட்டுப் புளித்த சத்தம், ஏரியில் யாரையோ அதட்டுகிறார்கள் என்று தாய் நினைத்துக்கொண்டாள்.

விசில்காரர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். நனைந்த கை ஒன்று அவர் கையைப் பிடித்து இழுத்தது. திரும்பினால் தலையோடு கால் தண்ணீர் சொட்ட ஒரு பெண். வாய் பிளந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து என்ன வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் புரிந்துவிட்டது. சக்கரத்தைப் பின்னுக்குச் சுற்றினார், சரிவில் உருண்டு விழுந்து ஓடினார். குட்டையிலிருந்து தோட்டத்துக்குப் போகும் வாய்க்காலின் கம்பித் தடுப்பில் சிறுமி சிக்கிக் கிடந்தாள். அவரே தூக்கினார். மூச்சு இருந்தது. கால் மட்டும் இருக்கக் கூடாத திசையில் திரும்பியிருந்தது.

உயிர் தப்பியது. காலைச் சரிசெய்ய முடியுமா என்பதைப் போகப் போகத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

மறுநாள் முதலாளி விசில்காரரின் தோளில் கை போட்டார். "நீங்க ஊதுனீங்க. போர்டும் இருக்கு. நம்ம மேல ஒரு தப்பும் இல்லண்ணே. கொழந்தய எடுத்ததே நீங்கதான். யாரு கேட்டாலும் இதையே சொல்லுங்க."

வேலை போகவில்லை. வீடு போகவில்லை. அடுப்படியில் மனைவி கழற்றி வைத்த வளையல்கூட வைத்த இடத்தில் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் அப்படியே இருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த படகுக்காரர்தான் அதைக் கெடுத்தார். விசில்காரரோடு பல வருஷம் பழகியவர், தன் ஜோக்குக்கு இவர் மட்டும் ஏன் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரிக்கிறார் என்று யோசிக்காத அப்பாவி. எதிரே உட்கார்ந்து சொன்னார்.

"அந்தப் பொண்ணப் பாத்தா பாவமா இருக்குண்ணே. புருஷன் அவள வறுத்தெடுக்கிறான். 'மேலயே ஆளு நிக்கிறாரு, நீ ஏன் கத்தல, கத்தியிருந்தா நிறுத்தியிருப்பாருல்ல'ன்னு. அவ, கத்துனேன் கத்துனேன்னு சொல்லிச் சொல்லி இப்ப அவளுக்கே சந்தேகம் வந்துடுச்சு. 'எனக்குக் குரலே வரலியோ என்னவோ'ன்னு என்கிட்டயே கேக்குறா. பயத்துல தொண்ட அடைச்சிருக்கும், இல்லண்ணே?"

 அன்று ஏரிப் பக்கம் பாட்டு அலறிக்கொண்டிருந்தது, அங்கே இருந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. கேட்டிருக்க வேண்டியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். விசில்காரர் ஒளித்துவைத்த செவிட்டுத்தனத்தை இப்போது ஒரு தாய் தன் தலையில் சுமக்கிறாள். 

மறுநாள் காலையில் விசிலைக் கழற்றி முதலாளியின் மேசையில் வைத்தார். "எனக்குக் காது கேக்காது முதலாளி. ரொம்ப நாளாவே கேக்காது. மேட்டுல ஒரு ஆளப் போடுங்க" என்றார்.  முதலாளி நிறைய பேசினார், எழுந்து நடந்து முதுகைக் காட்டியபடி பேசினார். இவருக்கு ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

சிறுமி தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட கால் தலையணைமேல் இருந்தது. தகப்பன் ஜன்னலோரம் நின்றான். தாய் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நீங்க கத்துனீங்க" என்றார் விசில்காரர். தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று அவருக்குத் தெரியாது. வார்டே திரும்பிப் பார்த்தது. "நல்லாத்தான் கத்தியிருப்பீங்க. எனக்குத்தான் காது கேக்காது. அத மறைச்சு வேல பாத்தேன். உங்க மேல தப்பே இல்ல. தம்பி, அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

தகப்பன் தலை குனிந்துகொண்டான். தாய் எழுந்து வந்தாள். அவர் முன்னால் நின்று பேசத் தொடங்கினாள். அழுகையில் உதடு கோணிக்கொண்டது, கையால் வாயைப் பொத்தினாள், எடுத்தாள், மறுபடி பேசினாள். விசில்காரர் அந்த உதடுகளையே பார்த்தார், ஒரு சொல்லும் பிடிபடவில்லை. சபித்தாளா? கும்பிடாத குறையாக நன்றி சொன்னாளா? மறுபடி சொல்லுங்கள் என்று எப்படிக் கேட்பது? அவள் பேசி முடிக்கும்வரை தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். முடிந்ததும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்.

வீட்டைக் காலி செய்யத் துணிமணிகளை மூட்டை கட்டினார். மனைவியின் வளையலையும் சிவப்பும் வெள்ளையுமான இரண்டு துண்டுகளையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். இருட்டியது. சாப்பாட்டு வேளையில் பழக்க தோஷத்தில் அடுப்படிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை.